மின்வெட்டு அட்டவணை

இன்றிரவு எட்டிலிருந்து பத்தரை வரை
குட்சோங் முழுக்க இருட்டு.
கைப்பேசிக்கு வந்த அறிவிப்பை
ஊரே திட்டிக்கொண்டிருக்க
நான் மட்டும் அதைக் கல்யாணப் பத்திரிகை போல
இரண்டு தடவை படித்தேன்.
'உன் வேலைக்காக நாடே இருட்டில் கிடக்கணுமா'
என்று லெனேசியாவிலிருந்து குபேந்திரன்.
ஆமாம் என்று பதில் அனுப்பினேன்.

டிக்கெலேடியின் கொல்லையில்
அவள் முடி பின்னும் கொட்டகைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே
மூன்று கம்பிச்சுருள்கள் புதைத்திருக்கிறேன்.
வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று,
செங்குத்தாக ஒன்று.
நாலு திசைக்கும் உப்பும் களிமண்ணும் குழைத்த குடுவைகள்.
குழியின் நீளம் பார்த்து
'யாரைப் புதைக்கிறாய்' என்றாள்.
'ரேடியோ' என்றேன்.
'எந்த ஸ்டேஷன்?'

அதைத்தான் எப்படிச் சொல்வது.
காங்கோவில் இப்போது இடி.
அங்கே வெட்டிய மின்னலின் முனகல்
தரைக்கும்,
தொண்ணூறு கிலோமீட்டர் மேலே
வெயில் காய்ச்சி வைத்த மின்கூரைக்கும் நடுவில்
மோதி மோதி வருகிறது.
கீச்சுக்குரலெல்லாம் மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும்.
அடித்தொண்டைக்காரன்தான் உள்ளே இறங்குவான்.
தண்ணீரைக் கண்டால் ஒட்டிக்கொள்வான்.
காற்றைக் கண்டால்
சுற்றிக்கொண்டு போவான்.

தங்கத்துக்காகத் தண்ணீரை இறைத்தார்கள்.
தண்ணீர் தாங்கியதை இனி யார் தாங்குவது?
போன மார்ச்சில் பந்துத்திடலின் ஒரு கோல் கம்பம்
நின்றவாக்கிலேயே உள்ளே போனது.
வலையும் கூடவே.

பகலில் திரை முழுக்க ஒரே கொசு:
குளிர்பெட்டிகள், சுரங்கத்துப் பம்புகள்,
தேவாலயத்து ஒலிபெருக்கி,
கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாய் இழுத்த அத்தனை ஒயர்களும்
சேர்ந்து பாடும் ஐம்பது ஹெர்ட்ஸ்.

எட்டு.
எங்கோ ஒரு குளிர்பெட்டி
உடம்பை உதறிக்கொண்டு நின்றது.
கொசு செத்தது.
பிறகு வந்தது அது.
சொடக், சொடசொட,
நடுவே குருவி வழுக்கி விழுந்தாற்போல் ஒரு சரிவு.
காதுக்கருவியில் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்தேன்.
எனக்குக் கடுகு தாளிப்பது.
அவளுக்குச் சோளம் பொரிவது.

'மேலேயிருந்தா, கீழேயிருந்தா?'
'மேலேயிருந்து வந்து கீழே பார்த்துவிட்டுப் போகிறது.'
'என்ன பார்த்ததாம்?'

ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில்
வானம் வாயைத் திறப்பதே அபூர்வம்.
வீடுகள் விழுகிற ஆழம்
சரியாக அந்த மௌனத்துக்குள்தான் இருக்கிறது.
இருந்தும் நாலைந்து புள்ளிகள் விழுந்தன.
கொட்டகைப் பக்கம் கோடு
மெல்ல மேலே ஏறியது.
காற்றாக இருக்கலாம். காய்ந்த பாறையாகவும் இருக்கலாம்.
அதை அப்படியே சொன்னேன்.
'நிச்சயமா?'
'இல்லை.'

அவள் பெயருக்குக் கண்ணீர் என்று அர்த்தமாம்.
எழுந்து போய்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நாற்காலியை வெளியே இழுத்தாள்,
அப்புறம் சீப்புத்தட்டு, பொய்முடிக் கட்டுகள்,
கடைசியில் ஆளுயரக் கண்ணாடி.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
இரண்டு பேரும்
ஏனோ மெதுவாகவே நடந்தோம்.

பத்தரைக்கு விளக்கு வந்தது.
தெரு 'ஓ'வென்று கத்தியது.
திரையில் மறுபடியும் கொசு.
வியாழக்கிழமை நாலு மணி நேரம் என்கிறது அட்டவணை.
பேட்டரியைக் கழற்றவில்லை.

கூட்டின்மேல் சாய்த்த கண்ணாடியில்
விடிந்துவிட்டதென்று நினைத்த கோழி ஒன்று
தன்னையே கொத்திக்கொண்டிருந்தது.