வேன் கூலி

முதல் சுற்றில் எதிரணி வரவேயில்லை.
மருதமுனைக் கடற்கரை மைதானத்தில்
நடுவர் கடிகாரம் பார்த்து விசில் ஊத
சும்மா ஒரு பந்தை
வெறும் வலைக்குள் தட்டினான் ஹிம்தியாஸ்.
செலவு: கோடு போடச் சுண்ணாம்பு, ஒன்பது பிளேன்டீ.

இரண்டாம் சுற்று ஏறாவூரில்.
பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தோம்.

மூன்றாவது மன்னாரில்.
வேன் கூலி, இரவுக் கொத்து,
றிப்கானின் கணுக்காலுக்கு ஐஸ்.
வென்று தொலைத்தார்கள், பாவிகள்.

தோற்றால் ஒருதரம் அழுதுவிட்டு வீடு.
வென்றால்தான் பொருளாளருக்கு உறக்கமில்லை.
என் மோட்டார் சைக்கிள் புத்தகம் இப்போது
கல்முனையில், லீசிங்காரனின் லாச்சிக்குள்.

காலிறுதி. கொழும்பு. மழை. பெனால்டி.
ஐந்தாவதை அடிக்க நடந்தான் ஹிம்தியாஸ்.
எல்லைக்கோட்டருகே கைகோர்த்து நின்றோம்;
என் வலக்கை அஸ்ஜதின் பிடிக்குள்,
இடக்கை சட்டைப்பைக்குள்,
மிச்ச நோட்டுகளைத் தடவியபடி.

கம்பத்தில் பட்டுத் திரும்பியது பந்து.

சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தவனை
ஓடிப்போய்த் தூக்கியது நான்தான்.
"பரவால்ல மச்சான்" என்றேன்.

அதற்குச் சற்று முன்
நிம்மதியாய் ஒரு மூச்சு விட்டேனே,
அதை எந்தப் பக்கத்தில் எழுத?
வரவிலா,
செலவிலா?