வாஷர் ஆட்டம்

வாஷர் முந்நூறு வேண்டும் என்றபோது
கடைக்கார டெல்ஃபின் நிமிரவே இல்லை:
"எத்தனை இன்ச் போல்ட்டுக்கு?"
போல்ட்டுக்கு இல்லை, போக்கருக்கு என்றேன்.
நிமிர்ந்தாள்.
வியாழக்கிழமை அவளும் வந்தாள், சொந்தக் காசோடு.

குவெனெலில் ஜனவரி.
மர ஆலை மூடி மூன்றாவது வாரம்.
லோர்னின் கராஜில் ஹீட்டர்
ஒரு பக்கம் மட்டும் சுடும்.
வேலிக்கு அடித்து மிஞ்சிய பச்சை, ஐந்து.
டிராக்டர் சிவப்பு, ஒன்று.
பெயின்ட் தீர்ந்துபோனதால்
வெறும் துத்தநாகம் இருபத்தைந்து.
பிவிசி குழாய் மூடிதான் டீலர் பொத்தான்.
பந்தயம் கட்டினால்
மேஜையில் இரும்பு பேசும்.

ஆன்ஸ்கருக்கு வலது கையில் இரண்டு விரல்.
மற்றதை ஆலையின் ரம்பம் எடுத்துக்கொண்டது.
சீட்டைப் பிடித்தால் நடுங்கும்,
நல்ல சீட்டென்றால் இன்னும் கொஞ்சம்.
எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.
தெரியும் என்று யாரும் சொன்னதில்லை.

பாவம் பார்த்து லோர்ன்
ஒரு பைன் சட்டத்தில் நீளவாக்கில் ரம்பம் ஓட்டினான்,
அரை இன்ச் ஆழம், லேசாகச் சாய்த்து.
உப்புத்தாளால் தேய்த்தும் கொடுத்தான்.
ஆன்ஸ்கர் ஐந்து சீட்டையும் அதில் செருகிவிட்டு
கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

மரம் நடுங்கவில்லை.

பதினோரு மணிக்குத் துத்தநாகமெல்லாம் அவன் பக்கம்.
அடுக்கக்கூட இல்லை,
நீள போல்ட் ஒன்றில் கோத்துக்கொண்டிருந்தான்,
இரண்டே விரலால், நிதானமாக,
கடைசியில் நட்டு போட்டு முறுக்கி.

டெல்ஃபின் கோட்டை மாட்டினாள்.
லோர்ன் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டேன் போல."