நாலாம் லேன், ஏழாவது ட்ராக்

படத்தை நான் பார்த்ததில்லை.
யார் சாகிறார்கள், எந்த வீடு,
கிணறு உண்டா, குழந்தை உண்டா,
எதுவும் தெரியாது.
இசை மட்டும் இருக்கிறது என்னிடம்.
பதினோரு ட்ராக், நாற்பத்தாறு நிமிடம்,
ரிஸ்வானா வாட்ஸப்பில் அனுப்பியது.

கப்பலூர் டோல்கேட்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
இடது காதில் இயர்போன்,
வலது காது டிரைவர்களுக்கு.
"காசு இருக்குக்கா, மிஷின்தான் எடுக்க மாட்டேங்குது"
என்பவனுக்கு,
ஐஸ் ஒழுகும் மீன் வண்டிக்கு,
தார்ப்பாய்க்கு வெளியே கால் நீட்டித் தூங்கும் உப்பு லோடுக்காரனுக்கு.

முதல் ட்ராக்கில் ஒன்றுமே நடக்காது.
ஒரே அடிச்சுருதி,
பெரியாஸ்பத்திரி ஜெனரேட்டர் மூன்று சுவர் தள்ளி ஓடுவதுபோல.
அதன்மேல் யாரோ
எவர்சில்வர் தட்டின் விளிம்பை
ஈரவிரலால் தேய்க்கிறார்கள்.
இரண்டாவதில் மூச்சு.
நாலாவதில் ஒரு தாலாட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்,
சொல்லின் வால் முதலில் வரும், தலை கடைசியில்.
அப்போது திருப்பரங்குன்றம் மலை
இரண்டு கிலோமீட்டர் கிட்டே நகர்ந்து உட்காரும்.

எதுக்குடி இந்தக் கருமத்தைக் கேக்குற
என்பாள் மூன்றாம் லேன் ஒச்சம்மா.
தூக்கம் வராது என்பேன்.
பாதிப் பொய்.
வருமுன் சொல்லிவிட்டு வருகிற பயம்
எனக்கு வேண்டியிருந்தது.
அந்த வீட்டில்
கதவு சாத்தும் சத்தத்துக்கு முன்னால்
ஒருநாளும் வயலின் ஏறியதில்லை.

ஏழாவதில்
நாலு நிமிடம் போல ஒரு கதவு திறக்கிறது,
திறந்து முடிவதில்லை.
கீலா செல்லோவா என்று தெரியாத முனகல்.
மூன்று ஐம்பதில் எல்லாம் நிற்கும்.
இரண்டு நொடி வெறும் காற்று.
பிறகு எல்லா வயலினும் சேர்ந்து
நகத்தால் கீறும்.

புரட்டாசி, செவ்வாய் விடிந்தால் புதன்.
மூன்று மணி பத்து.
வெள்ளைக் கார், நெல்லைப் பக்கம் போவது.
பின்சீட்டில் ஒரு பெண்.
கண்ணாடி ஏற்றியிருந்தது.
என்னைப் பார்த்தாள்.
சரியாக அங்கேதான்
வயலின்கள் வந்தன.

உடம்பு தூக்கிப்போட்டது.
பிறகு எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்,
ஏழாவது ட்ராக், அவ்வளவுதான்.
ஸ்டிக்கரை மிஷின் படித்தது.
தடுப்புக்கட்டை ஏறியது.
பின்னால் முட்டை லாரி ஹாரன் அடித்தது.

அரைமணி கழித்துத்தான் உறைத்தது
அவள் உள்ளங்கை கண்ணாடியில்
அப்பியிருந்தது.

தூக்கத்தில் சாய்ந்தவள் கையூன்றியிருக்கலாம்.
விளக்கு வெளிச்சத்துக்கு விழித்திருக்கலாம்.
இருக்கலாம்.
சூப்பர்வைசர் ஜெயசீலன் சொன்னார்,
"நம்பர் கேமராவுல இருக்கும்மா.
என்னன்னு எழுதிக் குடுக்க?
ஒரு பொம்பள பாத்தான்னா?"
கேட்டது நியாயம்தான்.

அதன்பிறகு ஏழாவது மட்டும்.
பகலில், திருமங்கலத்தில், ரூம் ஃபேனுக்குக் கீழே
யூனிஃபார்ம் மடித்தபடி.
அந்த இரண்டு நொடியைத் திரும்பத் திரும்ப,
வயலின் வருமுன் நிறுத்தி நிறுத்தி.
பயந்த முகமா,
நான் பயந்ததால் அப்படித் தெரிந்ததா.
இசையைக் கழித்துவிட்டு
முகத்தை மட்டும் எடுக்கப் பார்க்கிறேன்.
கழிய மாட்டேன் என்கிறது.

நேற்றிலிருந்து இரண்டு காதும் காலி.
லேனில் இத்தனை சத்தமா என்றிருக்கிறது.
ஒவ்வொரு பின்சீட்டையும் குனிந்து பார்க்கிறேன்.
ஒருத்தர் திட்டினார்.
ஒரு அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
வெள்ளைக் கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன.
ஒன்றில், தூங்காத பையன் ஒருவன்
கண்ணாடியில் ஊதி
ஆவிக்கு நடுவே நாக்கை நீட்டினான்.
நானும் நீட்டினேன்.
கட்டை ஏறியது.