கலஹா சந்தியில் இறங்கினோம்

அக்கரப்பத்தனையிலிருந்து விடிய நாலரைக்கு வேன்.
தலைக்கு எண்ணூறு ரூபாய்,
அம்மாவின் ஒருநாள் பேரில் பாதிக்கும் மேல்.
பூண்டுலோயா வளைவுகளில்
வினோதரூபி மூன்று முறை சத்தி எடுத்தாள்.
சொப்பிங் பேக்கை முடிச்சுப் போட்டு
விடைத்தாள் கட்டைப் போல மடியில் வைத்திருந்தாள்
பேராதனை வரும்வரை.

அன்டன் சேர் சொன்னார்:
கூட்டமா போங்க, கூட்டமா வாங்க.
செனட் கட்டிடத்துக்கு முன்னால ஒரு படம்,
திறந்தவெளி அரங்குல ஒரு படம்,
ரெண்டு மணிக்குப் பூந்தோட்டம்.

படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம்.
பின்னாலிருக்கும் கட்டிடத்துக்குள்
என்ன நடக்கிறது என்பது
படத்தில் விழவில்லை.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது.
கடைசிப் பக்கத்தில் பதினொரு கேள்விகள்.
முதலாவது: குளிக்கிற தண்ணி குளிருமா?
சேரிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை.
கலைப்பீடம் எந்தப் பக்கம் என்று பலகை சொல்லிவிடும்;
எந்த நடைபாதை மழைக்கு ஒழுகும் என்பதை
அங்கே நனைந்தவள்தான் சொல்லவேண்டும்.

விடுதிப் படியில் சோற்றுப் பார்சலோடு ஒருத்தி இருந்தாள்.
ஆரபி. வவுனியா. இரண்டாம் வருசம்.
"கேளுங்கோ, எனக்கு ரெண்டு மணிக்குத்தான் லெக்சர்."

நாலு பேர் அறையில் ஆறு பேராம்.
மஹாபொல வருமாம், பிந்தி வருமாம்.
தண்ணி குளிருமாம், மார்கழியில் எலும்பு வரைக்கும்.
அழுதீங்களா?
"முதல் கிழமை. பிறகு அசைன்மென்ட் தந்திட்டினம்,
நேரம் கிடைக்கேல்ல."

ஒன்பதாவது கேள்வியை மெதுவாகக் கேட்டேன்:
தோட்டத்துப் பிள்ளை என்று சொன்னால்
முகம் மாறுமா?

அவள் பார்சல் தாளின் ஓரத்தை மடித்தாள்.
மடித்ததைத் திரும்ப விரித்தாள்.
"அதை என்னட்டக் கேட்டா
நான் என்னத்தைச் சொல்ல" என்றாள்.
கொப்பியில் அந்த இடத்தை
வெறுமையாக விட்டேன்.

அவளுக்குப் பின்னால் நடந்து
ஒரு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.
ஆங்கிலம் பாதிக்கு மேல் தலைக்கு மேலால் போனது.
திரையில் ஒரு வரைபடம், நீல நரம்புகள்.
விரிவுரையாளரின் சிவப்புப் புள்ளி
கிளை கிளையாக ஏறி
ஆக உச்சியில் நின்றது.
அக்ரா ஓயா, என்றார்.

எங்கள் ஆறு.
பாலத்துக்குக் கீழே வினோதரூபியின் அண்ணன்மார்
மோட்டார் சைக்கிள் கழுவுகிற ஆறு.
இங்கே அதற்கு ஒரு இலக்கம் கொடுத்திருந்தார்கள்.

மழைக்கு அங்கிருந்து வருடம் எத்தனை தொன் மண்
இறங்கி வருகிறது என்று கணக்குக் காட்டினார்.
எல்லாரும் எழுதினார்கள்.
நான் எழுதவில்லை.
போன ஐப்பசியில்
லயத்தின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு
உள்ளே வந்தது அந்த மண்தான்.
அரிசி டின்னுக்குள்கூட இருந்தது.
அந்தக் கணக்கில் எங்கள் டின்னும் சேர்த்தியா
என்று கேட்கக் கை பாதி உயர்ந்தது.
பாதியிலேயே நின்றது.
பன்னிரண்டாவது கேள்வியாக அதைக் குறித்துக்கொண்டேன்.

பூந்தோட்டம் பார்க்கவில்லை.
அக்பர் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தேன்,
தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
விண்ணப்பம் போடாமல், இசட் ஸ்கோர் கேட்காமல்
எங்கள் பீலித் தண்ணி
எனக்கு முந்தியே வந்து சேர்ந்திருக்கிறது.

சேர் ஏசினார், கம்பளை வரைக்கும்.
எல்லாருடைய போனிலும் ஓர்க்கிட் பூ.

போகிறவர்கள் படம் எடுங்கள், பரவாயில்லை.
கழிப்பறைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.
கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று
கன்டீனில் கேளுங்கள்.
மழை நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.

இரவு பத்தரைக்கு அம்மா கதவைத் திறந்தாள்.
"எப்படி இருந்துச்சு?"
"தண்ணி குளிருமாம்."
"இங்க மாதிரியா?"
"இதைவிடக் கொஞ்சம் கம்மி."
அம்மா யோசித்தாள்,
கேத்தலை அடுப்பில் வைத்தாள்.
"அப்ப சமாளிச்சுக்கலாம்" என்றாள்.