வராதவர் பட்டியல்

ஒன்பதேகாலுக்கு என் வேலை தொடங்கும்.
வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் எடுப்பது.
ஸ்காபரோவில், லோரன்ஸ் வீதிக்குப் பின்னால்,
ஒரு பள்ளிக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே
பதினொரு வருசமாய் இதே கதிரை.

நித்திரைக் குரலில் எடுப்பார்கள்.
மெசின் இரைச்சலுக்கு நடுவில் எடுப்பார்கள்.
சோமாலி, தகாலோக், தாரி, தமிழ்
எந்த மொழியிலும் காரணம் ஒன்றுதான்:
வயித்துக்குத்து.

சுகவீனம் என்று தட்டுவேன்.
அதற்கு ஓர் எழுத்து இருக்கிறது.
மாசக் கடைசிக் கிழமையில்
அந்த எழுத்துத் திரை முழுக்க முளைக்கும்.
வாடகை முதலாம் திகதி.
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க
எனக்கு நாலு வருசம் பிடித்தது.
கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவள் நான்.

பிறகு ஒரு ஜனவரியில்
ஒன்பதாம் அறைக்கு இரண்டு ரோஸ்டர் வந்தது.
அவித்த முட்டை, சீஸ், பாண்,
நாலாய் வெட்டிய அப்பிள்.
பெயர் எழுதத் தேவையில்லை.
சம்பளத் துண்டு காட்டத் தேவையில்லை.
பல் வைத்தியரின் மகளும் வந்து
இரண்டு துண்டு பாண் கேட்டாள்.
அவள் கேட்டதால்
லிபான் மூன்று கேட்டான்,
குனியாமல்.

காசு தந்தவர்கள் ஒருநாள் பார்க்க வந்தார்கள்.
பிந்தி வருவோர் குறைந்ததற்கு வரைபடம் கேட்டார்கள்; கொடுத்தேன்.
கழுத்துத்துணி கட்டிய ஒருவர் சிரித்தபடி,
"படிக்க வருகினமோ, தின்ன வருகினமோ?"
என்பதை ஆங்கிலத்தில் கேட்டார்.
நான் அப்பிள் விதைகளைத் துடைத்தேன்.

யதுர்சன் நாலாம் வகுப்பு.
போன வருசம் முப்பத்தெட்டு நாள் சுகவீனம்.
தாய் விமான நிலையத்துப் பக்கம்
இரவிரவாய்த் தட்டுகளில் சாப்பாடு அடுக்குகிறாள்,
முந்நூறு பேர் வானத்தில் சாப்பிட.
ஒரு பண் வெளியே வந்தாலும் வேலை போய்விடும்.
அவன் இப்போது எட்டு மணிக்கே வாசலில் நிற்கிறான்.
போகும்போது ஒரு முட்டை
கையுறைக்குள் போகும்.
கை சூடாக இருக்க, என்பான்.
நான் கேட்கவில்லை. அவனாகச் சொல்வது.

பெப்ரவரியில் ஒரு வெள்ளி.
ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், பிள்ளைகளுக்கு விடுமுறை.
மைனஸ் பத்தொன்பது.
பக்கவாசலில் அவன்.
கையில் பிடித்தபடி, பஞ்சு உடுப்புக்குள்
கண் மட்டும் தெரிகிற ஒரு தங்கை.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையெல்லோ, அப்பன்?"
"தெரியும் மிஸ். புத்தகம் ஒண்டு விட்டிட்டன்."

கதவைத் திறந்தேன்.
நாலாம் வகுப்பு மேல்மாடியில்.
அவன் கால்கள்
நேரே ஒன்பதாம் அறைக்குப் போயின.

குளிர்ப்பெட்டித் திறப்பு என்னிடம் இல்லை.
பாண் இருந்தது. ரோஸ்டர் இருந்தது.
என் மதியப் பெட்டியில் கொஞ்சம் பருப்பு.
ஒவ்வொரு முறை பாண் துள்ளும்போதும்
சின்னவள் கைதட்டினாள்.
அவன் கோப்பையைக் கழுவி
கவிழ்த்து வைத்தான்.

அதற்குப் பிறகுதான் மேலே ஓடினான்.
சொன்ன பொய்யை மெய்யாக்க
ஒரு புத்தகத்தோடு இறங்கி வந்தான்.
எரிமலைகளைப் பற்றியது.
தங்கையை மேசையில் இருத்தி வாசித்தான்.
தெரியாத சொல் வந்த இடத்தில்
என்னைப் பார்த்தான்.
எனக்கும் தெரியவில்லை.
அகராதி எடுக்க இருவரும் எழும்பினோம்.
சின்னவள் மிச்சப் பாணைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை.
அந்த வெள்ளியைத் திறக்கக் கணினி மறுத்தது.
சாம்பல் நிறம், பதிவு இல்லாத நாள்.
மஞ்சள் தாள் ஒன்றில் எழுதி
திரையின் ஓரத்தில் ஒட்டினேன்:

வெள்ளி. வரவு இரண்டு.
ஒருத்திக்கு மூன்று வயது.

பிறகு போனை எடுத்தேன்.
ஒன்பதே இருபது ஆகிவிட்டது.