மாதிரிக் கையொப்பம்

நாற்பத்து மூன்று படங்கள்.
கெடிலம் கடலுக்குப் போகிற வழியில்
தேவனாம்பட்டினத்துப் பாலம் தாண்டி
ஒரு சீமைக்கருவேலம் புதர்.
ஞாயிறு, காலை ஆறு ஐம்பதிலிருந்து ஏழு பத்து வரை
ஒரே குருவி.
ஒரே குருவி என்றுதான் நினைக்கிறேன்.

முதல் பதினொன்றில் முள் தெளிவாக விழுந்திருக்கிறது.
முள்ளுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு கலங்கல்.
பன்னிரண்டில் வால் உண்டு, தலை இல்லை.
பத்தொன்பதில் தலை உண்டு.
கண்ணுக்கு மேல் ஓடும் வெளிறிய கோடு
கண்ணோடு நிற்கிறதா, தாண்டிப் போகிறதா
என்று பெரிதாக்கினால்
சரியாக அந்த இடத்தில் ஒரு காம்பின் நிழல்.
இருபத்தேழுக்குள் வெயில் ஏறிவிட்டது.
பழுப்பு மஞ்சளாகி
அதே கிளையில் வேறு யாரோ
வந்து உட்கார்ந்த மாதிரி.

புதுச்சேரியில் எதுவார் இருக்கிறார்,
பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.
ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.
"அலகு நீளமா இருந்தா பிளைத்.
குட்டைன்னா பூட்டட்.
ரெண்டுக்கும் நடுவுலன்னா சைக்ஸ்."
நடுவில்தான் இருந்தது.
நெற்றியைப் பார்க்கச் சொன்னார்.
ஒரு படத்தில் சரிவு, அடுத்ததில் உருண்டை.
பூட்டட் என்றால் பூட்ஸ் போட்டதாமே,
காலைத் தேடினேன்.
தெரிந்த படமெல்லாம் வெறுங்கால்.
"சத்தம் ஏதாவது போட்டுச்சா?"
ட்சக் என்றது. ஒரு தடவை.
இல்லை, அது என் கேமராவோ என்னவோ.

திங்கட்கிழமை
மஞ்சக்குப்பம் கூட்டுறவு வங்கியில்
என் வேலையும் இதுவேதான்:
திரையில் இடப்பக்கம் மாதிரிக் கையொப்பம்,
கையில் இன்றைக்குப் போட்டது.
சுழி, புள்ளி, கடைசிக் கோட்டின் இழுப்பு.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒரே ஒரு போலியைப் பிடித்திருக்கிறேன்.
அசலைவிட அழகாக இருந்தது அது.

பதினொன்றரைக்கு அஞ்சலாட்சி வந்தார்,
முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர்.
வலது கட்டைவிரலில் துணிக்கட்டு.
கெளுத்தி குத்திவிட்டதாம்.
பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டில்
'அஞ்ச' வரைக்கும் அவர்தான்.
அதற்குப் பிறகு எழுத்துகள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
பள்ளத்தில் இறங்கின.
"பொருந்தலையே" என்றேன்.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"எது பொருந்தல?
நாந்தான் வந்து நிக்கிறனே."

மூன்று தடவை போடச் சொன்னேன்.
மூன்று பேர் போட்டது போல வந்தது.
கடைசியில் மேலாளரைக் கூப்பிட்டு
நானே கீழே எழுதிக் கையெழுத்திட்டேன்:
இவரை எனக்குத் தெரியும்.
எப்படி என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
நோட்டு எண்ணும்போது உதடு அசையும்,
கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தாலும்
இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்
என்றா சொல்வது?
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அன்று ராத்திரி பறவைக் கணக்கைத் திறந்தேன்.
பிளைத் என்று எழுதி அழித்தேன்.
சைக்ஸ். அழித்தேன்.
"கதிர்க்குருவி, இனம் உறுதியில்லைன்னு போடுங்க,
ஒண்ணும் தப்பில்ல," என்றார் எதுவார்.
தப்பில்லைதான்.
பேரேட்டில் இத்தனை வருஷத்தில்
அப்படியொரு வரி நான் எழுதியதில்லை.
எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.
அதில் மட்டும் கை கொஞ்சம் அழுத்தமாக.

அடுத்த ஞாயிறும் போனேன்.
ஆற்றில் தண்ணீர் வற்றி
புதரடியில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது.
கேமராவை வண்டிப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.
ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.
பாலத்தில் ஒரு மீன்வண்டி போயிற்று.
பிறகு, முள்ளுக்குள் எங்கோ தாழ்வாக,
ட்சக்.

அப்படியென்றால்
போன வாரம் அது கேமரா இல்லை.