பதினேழாம் அறையின் மதிப்பெண்

டெல்ஃப்சைல் துறைமுகத்தை ஒட்டிய இல்லம்.
இரவுப் பணி முடியுமுன் நிரப்ப வேண்டிய படிவம்.
அறை பதினேழு. ஹார்ம் போல்ஹௌஸ். வயது எண்பத்தொன்று.
முன்பு என்ன வேலை என்று கேட்கவில்லை.
கிரேன் ஓட்டினார்.

குழப்பம்: உண்டு. ஒன்று.
எரிச்சல்: உண்டு. ஒன்று.
கூச்சல்?
"மெதுவா இறக்கு, மெதுவா" என்று
விடிய விடிய யாருக்கோ சொல்வதைக்
கூச்சல் என்பதா?
அரை மதிப்பெண் கிடையாது.
ஒன்று என்றே போடுகிறேன்.

அடுத்து:
கடந்த ஒரு நாளில் கை நீட்டினாரா?

நீட்டினார்.
திருமதி டெய்க்கெமாவின் மடியெல்லாம் பட்டாணி சூப்.
நீட்டினார்,
ஈரத்துணியோடு நான் சட்டைப் பொத்தானை அவிழ்த்தபோது.
என் முழங்கைக்கு மேலே நான்கு விரலும் கன்றியிருக்கின்றன.
நீட்டினார்,
ஜன்னலுக்கு வெளியே சரக்குக் கப்பல் நகர்ந்தபோதும்.
அந்தக் கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

மூன்றுக்கும் ஒரே கட்டம்.

'காரணமின்றி' என்று இன்னொரு கட்டம்.
திடீரென விளக்கைப் போட்டு,
பெயர் சொல்லாமல்,
குளிர்ந்த கையுறையால் போர்வையை விலக்கியது
காரணத்தில் சேருமா?
முப்பத்தொரு அறைக்கு அன்று நாங்கள் இருவர்,
அது?

கூட்டினால் நான்கு வருகிறது.
நான்கென்றால் மருத்துவருக்குப் போகும்,
மாத்திரை கூடும்,
கிரேன் நின்றுவிடும்.
மூன்றென்று எழுதலாமா என்றேன்.
சிட்ஸ்கா கோட்டை மாட்டியபடி சொன்னாள்:
"எழுது. நாளைக்கு அடி வாங்கப் போவது நான்."
அவளுடைய இடக்கண் ஓரத்தில்
போன மாதத்துத் தையல்.

நான்கென்றே எழுதினேன்.

எழுத இடமில்லாத ஒன்று:
அவர் மணிக்கட்டை நான் பிடித்தேன்.
அவர் ஓய்ந்த பிறகும் பிடித்திருந்தேன்.
நான்கு நொடி இருக்கும்.
ஐந்தும் இருக்கலாம்.

ஏழு மணிக்கு, கிளம்புமுன்,
வாசலிலேயே நின்று அவர் பெயரைச் சொன்னேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
நானும் கை நீட்டினேன்.

உடனே வாங்கிக்கொள்ளவில்லை.
கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.
மறுபடியும் கையை.
கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா,
கயிறு தாங்குமா என்று
பார்ப்பது போல.

எனக்கு எத்தனை போட்டார் என்று
சொல்லவில்லை.